பட்டு நூலில் பார்த்த வாட்டம்

இருபத்து மூன்றாம் நாள் காலை, விடிந்து நாலு நாழிகை ஆவதற்குள், ஹேமாம்புஜம் பதினோராவது வாளியைத் தூக்கினாள்.

இந்த இருபத்து மூன்று நாளில் அவள் தளிகை உள்ளிலிருந்து, அதாவது சமையலறையிலிருந்து, கொல்லைக்குச் சுமந்த கழுநீரை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருந்தால், சித்திரை மாதத்திலேயே பாலாற்றில் வெள்ளம் புரண்டிருக்கும். செவிலிமேட்டுக்காரர்கள் ஓடம் விட்டுச் சம்பாதித்திருப்பார்கள்.

எல்லாம் ஒரு வழுக்கலால் வந்த வினை. சின்னக் காஞ்சிபுரத்தில் அந்த வீட்டுக் கழுநீர், ஆறு வருஷமாகக் கூடத்துக்கு அடியால் ஓடி, வாசலைத் தாண்டி நடுவீதியில் விழுந்துகொண்டிருந்தது. போன வைகாசியில் பெருமாள் புறப்பாட்டின்போது, சரியாக அந்த இடத்தில், பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்குகிறவர் ஒருவருக்குக் கால் வழுக்கிற்று. அவர் விழவில்லை. பெருமாள் மட்டும் நாலு விரற்கடை சாய்ந்து நிமிர்ந்தார். அடுத்த வீட்டில் அது ஒரு முழம் ஆயிற்று. தெருக்கோடிக்குப் போவதற்குள் பெருமாள் கிட்டத்தட்டப் படுத்தே விட்டார். வருகிற வைகாசிக்குள் ஜலதாரையைக் கொல்லைப் பக்கம் திருப்பியாக வேண்டும் என்று தெருவார் கூடிச் சொல்லிவிட்டார்கள்.

சொல்வது சுலபம். தளிகை உள்ளின் தரையைப் பெயர்த்தாயிற்று, பழைய வழியை அடைத்தாயிற்று, புது வழி மட்டும் இன்னும் பிறக்கவில்லை.

அதைவிட முக்கியமாகப் பிறக்கவேண்டிய ஒன்று திருமுக்கூடலில் இருந்தது. அங்கே புக்ககத்தில் மகள் வத்ஸலாவுக்கு ஒன்பதாம் மாதம். தலைப் பிரசவம். அவளைப் பிறந்தகத்துக்கு அழைத்துவர, வருகிற வெள்ளிக்கிழமையை விட்டால் நல்ல நாள் இல்லை. சம்பந்தி மாமி மங்கையோ போன வாரம் கடிதம் போட்டுவிட்டாள்: 'உங்கள் அகத்தில் தளிகை உள் இடிந்து கிடப்பதாகக் கேள்வி. குழந்தை இங்கேயே பெற்றுக்கொள்ளட்டும். புதன்கிழமை நானே வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்.'

இன்று புதன்கிழமை.

"ஏன்னா, அவா வண்டி மூணு மணிக்கு வந்துடும்" என்றாள் ஹேமாம்புஜம், வாளியை இறக்கி. "அதுக்குள்ள இந்தப் பாத்திரம் கழுவற தொட்டியில ஒரு சொம்பு ஜலம் விட்டா அது வெளியில போகணும். அவ்வளவுதான் நான் கேக்கறது. காசிக்கா அழைச்சுண்டு போகச் சொல்றேன்?"

"மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்" என்றார் பராங்குசம்.

பராங்குசம் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். கரும்பலகையில் எத்தனையோ தொட்டிகளை நிரப்பியவர். ஒரு குழாய் மூன்று மணியில் நிரப்பும், இன்னொரு குழாய் நாலு மணியில் காலி செய்யும் என்றால் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை வரும். சொந்த வீட்டுத் தொட்டி மட்டும் இருபத்து மூன்று நாளாக விடை சொல்லாமல் நின்றது.

ஏனென்றால், வேலை தெரிந்தவன் சுவருக்கு வெளியே இருந்தான். வேலை தெரியாதவர் உள்ளே இருந்தார்.

இது பராங்குசத்தின் தமையனார் தேசிகன் போட்ட சட்டம். பாகப் பிரிவினை ஆனதிலிருந்து அவர் அடுத்த பாதியில் குடியிருந்தார். ஆனாலும் சட்டங்கள் இரண்டு பாதிக்கும் சேர்த்துத்தான். பெருமாளுக்கு அமுது சமைக்கிற இடத்தில் கொத்தனார் காலை வைக்கக் கூடாது. ஆகவே வீரபத்திர மேஸ்திரி கொல்லையில் உட்கார்ந்து, சுவரில் போட்ட ஓட்டை வழியாக வாயால் வேலை செய்வார். உள்ளே பராங்குசம் கையால் செய்வார்.

"சாமி!" ஓட்டையில் வீரபத்திரன் முகம் தெரிந்தது. "வாட்டம் பாக்காம இன்னா குழா போட்டாலும் தண்ணி ஓடாது. தொட்டியிலேர்ந்து இந்த ஓட்டை வரைக்கும் மூணு விரக்கடை சரிஞ்சு வரணும். இந்தா நூலு. உள்ள இழுத்து ஆணியில கட்டுங்க. நூல் போற போக்குலயே குழாயப் படுக்க வெச்சுக்கினு வாங்க."

செம்மண் பூசிய நூல்கயிறு ஓட்டை வழியாக நீண்டது. பராங்குசம் கையை நீட்டினார்.

"நில்லு!" என்றது வாசற்படியிலிருந்து ஒரு குரல். தேசிகன் நின்றிருந்தார். "அது பருத்தி. அவன் கை பட்டது. உள்ளே வரப்படாது."

"அப்போ வாட்டம் எப்படிப் பாக்கறது அண்ணா?"

தேசிகன் கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் ஏதாவது ஒரு சாஸ்திரம் திறக்கும்.

"பட்டு!" என்றார். "பட்டுக்குத் தீட்டு ஒட்டாது. யார் தொட்டாலும் மடி, மடிதான். ஆத்துல ஒரு கழி பட்டு நூல் இருக்கு, கொண்டு வரேன். முறுக்கிக் கட்டு."

ஹேமாம்புஜம் சட்டென்று அம்மியின் பக்கம் திரும்பினாள். கணவனின் தமையனோடு நேரே பேசும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மியிடம்தான் சொல்லி வந்தாள். காஞ்சிபுரத்தில் அவ்வளவு ஏச்சு வாங்கிய அம்மி வேறு இல்லை.

"ஏ அம்மி, கேட்டியா? ஜலதாரைக்குப் பட்டாம். நாளைக்குச் சாக்கடைக்குச் சரிகை அங்கவஸ்திரம் போத்துவா போலிருக்கு."

ஓட்டைக்கு வெளியே வீரபத்திரன் பதறினார். "பட்டு வாணாம் சாமி! காஞ்சா விறைப்பா நிக்கும், நனைஞ்சா இளகிப் பூடும். தொட்டில் கட்னாப்ல தொங்கும். பிள்ளையார்பாளையத்துல எந்தத் தறிக்காரரையாவது கேட்டுப் பாருங்க."

"பெருமாள் திருமேனியில சாத்தறது பட்டு. அது உன் குழாய்க்குத் தொங்குமா?" என்றார் தேசிகன்.

வீரபத்திரனின் மனைவி கங்கையம்மாள் கொல்லையில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தாள். "நீ ஏன் வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்கினு இருக்கிற?" என்றாள் கணவனிடம். "பட்டுல புடிச்சா பட்டுல, சரிகையில புடிச்சா சரிகையில. குழாய்க்குக் கண்ணாலம் பண்றாங்க போல. நாம மொய் எழுதிட்டுப் போவலாம்."

பட்டு நூல் வந்தது. கட்டியாயிற்று. தொட்டியிலிருந்து ஓட்டை வரை பன்னிரண்டடி, மாம்பழ நிறத்தில், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணு" என்று புறப்படுமுன் தேசிகன் விரலை உயர்த்தினார். "ஒரு சாணுக்கு மேல தோண்டாதே. கீழே வாஸ்து புருஷன் இருக்கார்."

"ஒரு முழமாச்சும் வேணும் சாமி" என்றது ஓட்டை.

"ஒரு சாண்!"

அதற்குப் பிறகு நடந்ததை நின்று பார்த்தது அம்மி ஒன்றுதான்.

மடியாக வேலை செய்ய வேண்டும் என்பதால் பராங்குசம் தலையோடு குளித்து, ஈர வேஷ்டியோடு இறங்கினார். வேஷ்டி சொட்டிற்று. குடுமி சொட்டிற்று. நடுவில் ஒருமுறை தூசி பட்டுவிட்டதென்று மறுபடி குளித்து மறுபடி சொட்டினார். நூல் சரியாக இருக்கிறதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஈரக் கையால் தடவிப் பார்த்தார். காலையில் வீணைத் தந்திபோல் நின்ற பட்டு, பத்து மணிக்குக் கொஞ்சம் தளர்ந்தது. பதினொரு மணிக்கு ஊஞ்சல் சங்கிலி மாதிரி வளைந்தது. அதன் போக்கிலேயே, ஒரு மயிரிழை பிசகாமல், பராங்குசம் மண் குழாய்களைப் படுக்கவைத்து வந்தார். கணக்கு வாத்தியார் அல்லவா.

"நூல் நேராக்கீதா சாமி?" என்று ஓட்டை கேட்டது.

"நூலை ஒட்டித்தான் போட்டுண்டு வரேன்!"

"நூலை ஒட்டிப் போடறது சரி. நூலு நேராக்கீதா?"

"நீ சுண்ணாம்பைக் கொடு!"

இரண்டு மணிக்குக் குழாய் ஓட்டைக்கு வெளியே மூக்கை நீட்டிற்று. மூட்டுக்கு மூட்டு சுண்ணாம்பு பூசி, மேலே மண் தள்ளி, பராங்குசம் எழுந்து நின்றார். இடுப்பு எழவில்லை. அது பின்னால் வந்து சேர்ந்தது.

ஹேமாம்புஜம் இருபத்து மூன்று நாளில் முதல் தடவையாகத் தொட்டியின் முன் நின்றாள். ஒரு சொம்பு விட்டாள். கடகடவென்று உள்ளே போயிற்று. இன்னொரு சொம்பு. அதுவும் போயிற்று. அவளுக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. வாளியைக் கவிழ்த்தாள். சாதம் வடித்த கஞ்சி, உருளி கழுவின சாம்பல் ஜலம், எல்லாவற்றையும் சந்தோஷமாகக் கொட்டினாள்.

"வந்துதா வீரபத்திரா?" என்று பராங்குசம் ஓட்டையில் வாயை வைத்துக் கேட்டார்.

"இன்னும் வர்ல சாமி."

"இப்போ?"

"ஒரு சொட்டு கூட வர்ல சாமி."

வெளியே வராத ஜலம் எங்கேயாவது இருக்க வேண்டுமே! தளிகை உள்ளின் நட்ட நடுவில் மண் மெல்ல நெளிந்தது. பிறகு கொப்பளித்தது. பிறகு, கோயில் தெப்பத்தில் நீராழி மண்டபம் போல, தரை நடுவிலிருந்து கஞ்சியும் சாம்பலுமாகக் கழுநீர் கிளம்பி, அடுப்பைச் சுற்றி வந்து, கோலப்பெட்டியை மிதக்கவிட்டு, கடைசியாக அம்மியின் காலை நனைத்தது.

சத்தம் கேட்டு அடுத்த பாதியிலிருந்து தேசிகன் வந்து எட்டிப் பார்த்தார். "நூலை அவிழ்த்துட்டு வேற பட்டு கட்டு. நாளைக்கு மறுபடி போடு" என்றார்.

நாளைக்கு!

ஹேமாம்புஜம் புடைவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். அம்மியின் பக்கம் திரும்பவில்லை. கொல்லைக் கதவைத் திறந்தாள்.

"வீரபத்திரா. உள்ளே வா."

கொல்லையில் கங்கையம்மாளின் கை சுண்ணாம்பில் அப்படியே நின்றது. வீரபத்திரன் எழுந்தார். வரவில்லை.

"வாணாம்மா. இப்போ கோவத்துல கூப்புடுவீங்க. நாளைக்கு மேஸ்திரி அத்துமீறி உள்ள பூந்துட்டான்னு பேச்சு வரும். அப்புறம் இந்தத் தெருவுல எனக்கு ஒரு செங்கல் எடுத்து வெக்கிற வேலை கூடக் கெடைக்காது. நெஜமாத்தான் கூப்புடறீங்கன்னா, தெருவுக்குக் கேக்கற மாதிரி கூப்புடுங்க."

ஹேமாம்புஜம் விறுவிறுவென்று கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போனாள். வீதியில் நின்றுகொண்டு, ராஜகோபுரத்துப் புறாக்களில் பாதியாவது பறந்திருக்கும் என்னும்படி கத்தினாள்:

"எல்லாரும் கேட்டுக்கோங்கோ! வீரபத்திர மேஸ்திரி எங்காத்துத் தளிகை உள்ளுக்கு வரார்! அவரா வரலை! நான் கூப்பிட்டு வரார்! ஹேமாம்புஜம் கூப்பிட்டு வரார்!"

வாயை மூடியபோதுதான் எதிரே மாட்டின் மூக்கு தெரிந்தது. மாட்டுக்குப் பின்னால் வில்வண்டி. வண்டிக்குள், திருமுக்கூடலிலிருந்து ஆற்று மணலெல்லாம் குலுங்கி வந்த முகத்தோடு, சம்பந்தி மாமி மங்கை.

"வாங்கோ" என்றாள் ஹேமாம்புஜம். வேறென்ன சொல்வாள்? "கூடத்துல உக்காருங்கோ. கீழே பார்த்து வாங்கோ, வழுக்கும்."

வீரபத்திரன் கொல்லைப் படியிலேயே நின்றிருந்தார். "வாசப்பக்கமா அழைச்சுண்டு வரணுமா?" என்று திரும்பி வந்த ஹேமாம்புஜம் கேட்டாள்.

"கொல்லைக் கதவு போதும்மா. எனக்கு வேலதான் வேணும், ஊர்கோலம் வாணாம்."

தேசிகன் வழி மறித்தார். "பராங்குசம்! இவளுக்குச் சொல்லு! தீட்டுக் கழியப் புண்யாஹம் பண்ணணும், தெரியுமா?"

ஹேமாம்புஜம் நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். இருபது வருஷத்தில் முதல் தடவை. அம்மிக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

"கழுநீர் அடுப்பு வரைக்கும் வந்தாச்சு. அதுக்கே புண்யாஹம் பண்ணித்தான் ஆகணும். பண்ற புண்யாஹத்தோட இதுவும் சேர்ந்து போகட்டும். இந்த ஆத்தை யார் கட்டினா? வைகுண்டத்திலேருந்து நித்யசூரிகள் இறங்கி வந்து செங்கல் அடுக்கினாளா? வழியை விடுங்கோ."

தேசிகன் வழியை விடவில்லை. ஆனால் கழுநீர் அவர் பாதத்தைத் தொட்டதும் தானாகவே இரண்டடி பின்வாங்கினார். வீரபத்திரன் உள்ளே வந்தார்.

வந்தவர் முதலில் நூலைப் பார்த்தார். "இதுல ஒரு கொழந்தையே போட்டு ஆட்டலாம் சாமி" என்றார். பராங்குசம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நடுவுல பள்ளம், கடைசியில மேடு. தண்ணி எப்படி மலையேறும்? அத்தனையும் பேக்கணும். இந்தத் தடவ ஒரு முழம்." கடப்பாரையை ஓங்கினார்.

"ஒரு சாணுக்கு மேல வேண்டாம்!" என்றார் தேசிகன். குரல் அதட்டலாக ஆரம்பித்துக் கெஞ்சலாக முடிந்தது. ஹேமாம்புஜத்தின் காது அதைப் பிடித்துக்கொண்டது.

"தோண்டு வீரபத்திரா."

மூன்றாவது குத்தில் டொக் என்றது. வீரபத்திரன் குனிந்து, கையால் சேற்றை வழித்தார். கங்கையம்மாளைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக வழித்தார்கள். சேற்றுக்கடியில் ஒரு கால்வாய் தெரிந்தது. சின்னச் சின்னப் பழைய செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு, கன்னம்போல வழுவழுவென்று. தொட்டியடியில் தொடங்கி, சாய்ந்து, தேசிகன் பாதியை ஒட்டிய வடபுறச் சுவருக்குள் நுழைந்தது.

வீரபத்திரன் அதில் உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். "யாரு கட்டினானோ, மகராசன். வாட்டம் இன்னா வாட்டம்! எண்ணெய ஊத்தினாலும் ஓடும்." பிறகு நிமிர்ந்தார். "ஒரு சாணுக்குக் கீழ இருந்த வாஸ்து புருசன் இவருதானா சாமி?"

பராங்குசம் குனிந்து கால்வாயைத் தடவினார்.

"பழைய ஜலதாரை" என்றார் பராங்குசம் மெதுவாக. "இது இடிஞ்சு போச்சுன்னு… பாகம் பிரிச்சப்போ நான் சேலத்துல வேலையா இருந்தேன். இடிஞ்சு போச்சு, அதனால வீதிப்பக்கம் திருப்பிட்டேன்னு லெட்டர் போட்டேளே அண்ணா."

"இடியல" என்றாள் கங்கையம்மாள், சுவரோரம் தட்டிப் பார்த்து. "அடைச்சிக்கீது. இந்த அஞ்சாறு கல்லு மட்டும் புதுசு. கட்டினவன் அவசரத்துல கட்டிக்கீறான், சுண்ணாம்புக் கொளுத்தே சரியாக் கொழைக்கல."

எல்லாரும் தேசிகனைப் பார்த்தார்கள். அவர் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவருக்கு அந்தப் பக்கம் இப்போ என் நந்தவனம்" என்றார் கடைசியில். "பெருமாளுக்குத் துளசி பறிக்கற இடம். அதுல கழுநீர் பாயறதை நான் எப்படிப் பாக்கறது?"

"அதுக்காகப் பெருமாள் வர வீதியில பாய விட்டேளா?" என்றாள் ஹேமாம்புஜம்.

அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள், கொளுத்து சரியாகக் குழைக்காத முதல் செங்கல், அத்தனை ஜலத்தின் கனம் தாங்காமல், தானே நழுவிக் கால்வாயில் விழுந்தது. பின்னாலேயே இரண்டாவது.

களக், களக் என்று ஒரு சத்தம். அடுப்பைச் சூழ்ந்த ஏரி ஒரு சுழி சுழித்து, குறுகி, ஓடி மறைந்தது. இருபத்து மூன்று நாளாக யாரும் கேட்காத சத்தம். ஹேமாம்புஜம் கண்ணை மூடிக் கேட்டாள்.

அது முடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தேசிகனுடைய சம்சாரத்தின் குரல் கிளம்பிற்று. "ஐயையோ! துளசி முழுக்கக் கஞ்சி! இங்க வந்து பாருங்கோளேன்!"

கூடத்து வாசற்படியில் மங்கை மாமி நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ தெரியாது. புடைவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"சேத்தைப் பாத்து நான் பயப்படலை" என்றாள். "சேறு வெள்ளிக்கிழமைக்குள்ள காஞ்சுடும். புண்யாஹமும் பண்ணிடலாம். ஆனா அண்ணா தம்பி நடுவுல இப்படி ஒரு சுவரை வெச்சுண்டு இருக்கற ஆத்துல, பிள்ளைத்தாச்சிப் பொண்ணை எந்த தைரியத்துல விடறது? ராத்திரி ஒருத்தர் கதவை ஒருத்தர் தட்ட வேண்டி வருமே. நாளைக்குக் காத்தால வண்டி பூட்டறதுக்குள்ள எனக்கு ஒண்ணு தெரியணும். இந்த ஜலம் எந்தப் பக்கம் போகப் போறது?"

வீரபத்திரன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, விழுந்த செங்கல் ஒன்றை எடுத்துக் கழுவி, தேசிகனின் காலடியில் வைத்தார். "எடுத்து வெக்கச் சொன்னா வெக்கிறேன் சாமி. மீதியும் பேக்கச் சொன்னா பேக்கிறேன். நீங்கதான் சொல்லணும்."

தேசிகன் குனிந்து அந்தச் செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஹேமாம்புஜம் பழக்கத்தில் அம்மியின் பக்கம் திரும்பினாள். பாதியிலேயே நின்று, மறுபடி அவர் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்கோ" என்றாள்.